இரண்டாவது கோரால் யாருக்கு லாபம்?

2008ஆம் ஆண்டு வாக்கில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை போன்ற தோட்டப்புற நகரங்களில் கொமியூனிகேஷன் கடை என்றால் பெரும்பாலும் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின். எல்லா வேலைக்கும் அந்த ஒரு கணினிதான். பாமினி எழுத்தில் விண்ணப்பக் கடிதம் அடிக்கும். அடையாள அட்டைப் படத்தை அளவாக வெட்டும். கோயில் திருவிழா நோட்டீஸை ஃபோட்டோஷொப்பில் அலங்கரிக்கும். பையன்கள் கொண்டுவரும் பென்டிரைவில் பாட்டு ஏற்றும். அதோடு வந்துசேரும் வைரஸுடனும் மல்லுக்கட்டும்.

சிக்கல் தொடங்குவதும் அந்தப் பென்டிரைவில்தான். அதைச் செருகியதும் வைரஸ் தடுப்பு மென்பொருள் விழித்துக்கொள்ளும். கடைக்காரர் தட்டும் எழுத்து திரைக்கு வர ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். பிறகு ஐந்தாறு எழுத்துகள் ஒன்றாக வந்து விழும். கடிதத்துக்காக நிற்பவர் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை நினைத்துத் தவித்துக்கொண்டிருப்பார். “டுவல் கோர் ஒண்ணு போட்டிங்கனா பறக்கும் அண்ணே” என்பது அந்த நாட்களில் கணினி திருத்தும் தம்பிமார் எல்லோரும் சொன்ன வைத்தியம்.

வைத்தியம் தவறல்ல. எல்லா நோய்க்கும் அதையே எழுதிக் கொடுத்ததுதான் தவறு. இரண்டாவது கோர் சிலருக்குப் போட்ட காசைச் சில மாதங்களில் திருப்பித் தந்தது. சிலருக்கு ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு முன்பிருந்த அதே மெத்தனத்தைத் திருப்பித் தந்தது. யாருக்கு எது நேரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முதலில் இந்த இரண்டாவது கோர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

வாங்குபவர் யாரும் கேட்டு அது வரவில்லை. வெப்பம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது.

புரொசசர் என்பது ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்பக் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு. அதற்குள் அந்த வேலையைச் செய்யும் பகுதிதான் கோர். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 நொடிக்கு ஏறத்தாழ 7 இலட்சத்து 40 ஆயிரம் முறை துடித்தது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 நொடிக்கு 150 கோடி முறை, அதாவது 1.5 கிகாஹேர்ட்ஸ். 2004 நவம்பரில் அதே பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹேர்ட்ஸைத் தொட்டது. அடுத்து 4 கிகாஹேர்ட்ஸ் வரும் என்று இன்டெல் அறிவித்திருந்தது. வரவில்லை. 2004 ஒக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நாட்களிலேயே அமெரிக்காவில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் இன்டெலின் தலைமை நிர்வாகி கிரெய்க் பரட் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி வேடிக்கைதான் என்றாலும் மீதிப் பாதியில் உண்மை இருந்தது.

1974இல் ஐபிஎம் பொறியியலாளர் ரொபர்ட் டெனார்ட் தன் குழுவினருடன் ஒரு கணக்கைக் காட்டியிருந்தார். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குக் கொடுக்கும் வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்கலாம். அப்படிச் செய்தால் ஒரே பரப்பில் நிறைய டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு கூடாது. முப்பது ஆண்டுகள் கணினித் தொழில் இந்தக் கணக்கின் தயவில்தான் ஓடியது. ஆனால் டிரான்சிஸ்டர் ஓர் அளவுக்கு மேல் சிறுத்ததும், அணைத்து வைத்திருக்கும் வேளையிலும் அதன் வழியே மின்சாரம் கசியத் தொடங்கியது. வோல்ட்டேஜை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. 2004 பெப்ரவரியில் வந்த ‘பிரெஸ்கொட்’ வகைப் பென்டியம் 4 சில்லின் பரப்பு 112 சதுர மில்லிமீற்றர்தான், கட்டைவிரல் நகத்தளவு. அதன் உயர் வேக மொடல்களுக்கு இன்டெலே குறித்த வெப்ப அளவு 115 வாட்.

புரொசசர் இழுக்கும் மின்வலு, வோல்ட்டேஜின் வர்க்கத்தையும் துடிப்பின் வேகத்தையும் பெருக்கினால் வருவதற்கு விகிதசமம். வோல்ட்டேஜையும் வேகத்தையும் தலா 20 சதவீதம் குறைத்தால் மின்வலு 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512 ஆகிவிடும், கிட்டத்தட்டப் பாதி. அப்படி வேகம் குறைத்த கோர்கள் இரண்டை ஒரே சில்லில் வைத்தால் பழைய அளவு சூட்டிலேயே 1.6 மடங்கு வேலை வாங்கலாம். வேகத்தைக் கூட்ட முடியாத பொறியியலாளர்களுக்கு இந்தக் கணக்கு தெய்வ வாக்காகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஐபிஎம் 2001இலேயே பவர் 4 என்ற இரு கோர் சில்லைப் பெரிய கணினிகளுக்காகச் செய்திருந்தது. 2005 மே மாதத்தில் ஏஎம்டியின் அத்லோன் 64 எக்ஸ்2, இன்டெலின் பென்டியம் டி இரண்டும் மேசைக் கணினிக்கு வந்தன. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ உண்மையிலேயே நல்ல சில்லு. அதன் மொடல்களில் ஒன்றான ஈ6300, 1.86 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் 65 வாட்டுக்குள் அடங்கியது. பென்டியம் டி வரிசையில் 130 வாட் வரை போன மொடல்கள் இருந்தன.

ஆனால் மேலே சொன்ன 1.6 மடங்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வேலையை இரண்டாகப் பிரிக்க முடிய வேண்டும்.

கேகாலை மாவட்டம் றப்பருக்குப் பேர்போனது. அங்குள்ளவர்களுக்கு இந்த நிபந்தனையைப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பால்வெட்டப் போகும் ஒருவருக்கு முந்நூறு மரம் அளவில் கணக்கு. ஒருவர் இடத்தில் இருவரை இறக்கினால் அதே மரங்களைப் பாதி நேரத்தில் வெட்டி முடிக்கலாம். அதற்குப் பிறகு? சிரட்டையில் பால் வடிந்து நிறைய வேண்டும். வாளியில் சேர்த்து வந்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, போர்மிக் அமிலம் விட்டால் அது உறைய அதற்குரிய நேரம் எடுக்கும். உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் உலர்ந்து பழுப்பேற நாட்கணக்காகும். வெட்டுவதற்கு இருவர் அல்ல, இருபது பேர் வந்தாலும் புகைக்கூடத்து நாட்களில் ஒரு மணி நேரம் குறையாது.

ஐபிஎம்மின் சிஸ்டம் 360 கணினிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஜீன் அம்டால் 1967இல் இதைத்தான் சொன்னார். பல புரொசசர்களைச் சேர்த்தால் எதையும் சாதிக்கலாம் என்று அன்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் கொடுத்த குளிர்ந்த நீர்க் குளியல் அது. இன்று அது அம்டால் விதி என்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஒரு வேலையில் பிரிக்கக்கூடிய பகுதி 90 சதவீதம் என்றால் இரண்டு கோர் தரும் வேகம் 1.82 மடங்கு. பாதிதான் பிரிக்க முடியும் என்றால் 1.33 மடங்கு. ஐந்தில் ஒரு பங்குதான் என்றால் 1.11 மடங்கு. பிரிக்கவே முடியாது என்றால் இரண்டாவது கோர் சும்மா இருந்து வேடிக்கை பார்க்கும்.

இதைக் கடைத் தட்டில் இருந்த இரண்டு பொருட்களில் பொருத்திப் பார்க்கலாம். 2007இல் வந்த செலரோன் 430க்கு ஒரே கோர், வேகம் 1.8 கிகாஹேர்ட்ஸ். 2008 தொடக்கத்தில் வந்த செலரோன் ஈ1200க்கு இரண்டு கோர். ஆனால் வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ். இரண்டும் ஒரே குடும்பத்துச் சில்லுகள், ஒரே சொக்கெட், ஒரே அளவு 512 கிலோபைட் கேஷ். இன்டெலின் மொத்த விலையும் இரண்டுக்கும் 50 டொலரை ஒட்டியே. ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுத்து ஓடவிட்டால் பழைய ஒற்றைக் கோர்தான் எட்டில் ஒரு பங்கு வேகம் கூடியது. வேலையில் ஏறத்தாழ 22 சதவீதத்துக்கு மேல் பிரிக்க முடிந்தால் இரட்டைக் கோர் முந்திவிடும். அந்த 22 சதவீதம் ஒரு கணினியின் அன்றாட வேலையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

கொமியூனிகேஷன் கடையில் இருந்தது. கடிதம் அடிக்கும் மென்பொருளுக்குத் தனியாக ஒரு கோரே தாராளம். ஆனால் அங்கே ஓடுவது ஒரு மென்பொருள் அல்லவே. பென்டிரைவை மேயும் வைரஸ் தடுப்பு, பின்னணியில் பாட்டுப் பிரதி, பிரிண்டருக்குப் போகும் படம் என்று நாலைந்து ஓடும். ஒற்றைக் கோரில் விண்டோஸ் இவற்றுக்கு மில்லிநொடிக் கணக்கில் முறை வைத்துக் கொடுக்கும். பசி மிகுந்த மென்பொருள் ஒன்று நுழைந்தால் மற்றவை ஏங்கி நிற்கும். இரண்டு கோர் இருந்தால் வைரஸ் தடுப்பு ஒன்றை முழுமையாகப் பிடித்துக்கொண்டாலும் மற்றது தட்டச்சுக்குத் திறந்திருக்கும். எந்த வேலையும் தனியாக வேகமாகிவிடவில்லை. கணினி ஆளை மதிக்கத் தொடங்கியது, அவ்வளவுதான். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அதற்கு இரண்டாவது கோர் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி இரண்டுக்கும் தெரியும்.

தோட்டத்து ஒபிஸின் கதை வேறு. பிரட்டுக்களத்தில் பேர் பதிவதில் தொடங்கி மாதக் கடைசியில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டை முடிப்பது வரை அங்கே நடக்கும் வேலை கணினிக்கென்றே செய்தது போன்றது. முழுப் பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை, மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, சேமலாப நிதி, சங்கச் சந்தா, அரிசிக்கும் மாவுக்கும் பிடித்தது என்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி. ஒருவருடைய வரிக்கும் அடுத்தவருடைய வரிக்கும் தொடர்பில்லை. ஆகவே கொள்கையளவில் இதை இரண்டாக, நாலாக, நூறாகப் பிரிக்கலாம். அம்டால் விதியின்படி பார்த்தால் இரட்டைக் கோர் கிட்டத்தட்ட இரட்டை வேகம் தர வேண்டிய வேலை.

தரவில்லை. காரணம் மென்பொருள். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட சம்பளக் கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் போகும் வகை. முதல் பெயரை எடு, கணக்குப் போடு, எழுது, அடுத்த பெயரை எடு. அப்படி எழுதிய நிரலை எந்த விண்டோஸாலும் நடுவில் வெட்டி இரண்டு கோருக்குப் பங்கு வைக்க முடியாது. பிரித்துத் தரும் வேலையை நிரல் எழுதியவரே செய்திருக்க வேண்டும். 2005இல் நிரல் வல்லுநர் ஹெர்ப் சட்டர் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: புதிய சில்லு வந்தால் பழைய நிரல் தானாக வேகமாகும் காலம் முடிந்துவிட்டது. பெரிய கிளாக்கர் மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்த டுவல் கோர் மெஷினின் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தால், செக்ரோல் ஓடும் நேரம் முழுவதும் மொத்தப் பயன்பாடு 50 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஒரு கோர் முழுவீச்சில், மற்றது ஓய்வில். அந்த 50ஐப் பார்த்து “இன்னும் பாதி பலம் மிச்சம் இருக்கு” என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அந்தப் பாதி அந்த மென்பொருளுக்கு எட்டாத பாதி.

இதுவரை சொன்னதெல்லாம் காத்திருப்புக்குப் புரொசசர் காரணமாக இருந்தால். அன்றைய தோட்டப்புறக் கணினிகளில் பாதிக்கு மேல் அது காரணமே இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

கணினிப் பெட்டியின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு இருக்கும். ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது அது மினுங்கும். மெஷின் முக்கி முனகும் நேரத்தில் அந்த விளக்கு அணையாமல் எரிந்தால் குற்றவாளி புரொசசர் அல்ல, ரேம். எக்ஸ்பி ஓடிய எத்தனையோ மெஷின்களில் 256 மெகாபைட் ரேம்தான் இருந்தது. விண்டோஸும் வைரஸ் தடுப்பும் ஃபோட்டோஷொப்பும் அதற்குள் அடங்காது. அடங்காததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிநொடி. வேண்டிய தகவல் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுக்குள் 1.8 கிகாஹேர்ட்ஸ் கோர் ஒன்று 75 இலட்சம் முறை துடித்து முடித்திருக்கும், ஒரு வேலையும் செய்யாமல். இன்னொரு கோரை வாங்கிச் சேர்த்தால் சும்மா காத்திருப்பவை இரண்டாகும். அதே மெஷினில் ரேமை ஒரு கிகாபைட்டாக்கினால் அது புது மெஷின் போல ஆகிவிடும். செலவும் புரொசசர் மாற்றுவதில் ஒரு சிறு பங்கு.

இன்னொரு காரணம் இதைவிட மலிவு. பென்டியம் 4 அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தெருப்புழுதியும் பஞ்சும் சேர்ந்து ஃபேனுக்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்குகளை அடைத்துவிட்டால் 3 கிகாஹேர்ட்ஸ் மெஷின் அதன் பாதி வேகத்தில் நடக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளமே விரிந்திருக்கும். ஓரத்தில் எறும்புக் கூடு, சில பெட்டிகளில் உலர்ந்த பல்லி. இரத்தினபுரி மழைக்கும் ஈரப்பதத்துக்கும் பெட்டிக்குள் துருவும் சேரும். ஒரு தூரிகை, புதுசாகக் கொஞ்சம் வெப்பப் பசை, அரை மணி நேரம். இதைச் செய்யாமல் புரொசசர் மாற்றச் சொன்னவர்களின் தொழில் நேர்மையைப் பற்றி அதிகம் பேசாமல் விடலாம்.

சரி, உண்மையிலேயே புரொசசர்தான் முட்டுக்கட்டை என்று தெரிந்துவிட்டது. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் போதுமா? பெரும்பாலும் போதாது. சொக்கெட் 478 மதர்போர்டில் எந்த டுவல் கோரும் ஏறாது. சொக்கெட் 775 வைத்திருந்தவர்கள், சில்லு சொக்கெட்டில் பொருந்துவதைப் பார்த்து ஏமாந்தார்கள். 865, 915 சிப்செட் இருந்த போர்டுகளில் பெரும்பாலானவை பென்டியம் டியை ஏற்கவில்லை; 945இலிருந்துதான் கதவு நன்றாகத் திறந்தது. அந்த 945 போர்டுகளிலும் பழையவை கோர் 2 டுவோவுக்கு மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடு இல்லாமல் நின்றன. ஏஎம்டி பக்கம் சொக்கெட் 939 வாங்கியிருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பயோஸைப் புதுப்பித்துவிட்டு அத்லோன் 64ஐ எடுத்து எக்ஸ்2ஐ வைத்தால் வேலை முடிந்தது. சொக்கெட் 754 வைத்திருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே ‘புரொசசர் மாற்றம்’ என்று தொடங்கியது மதர்போர்ட், அதற்கேற்ற டிடிஆர்2 ரேம், சில வேளை பவர் சப்ளை என்று நீண்டது. பழைய பெட்டியில் மிஞ்சியது தகரமும் மொனிட்டரும்தான். 2008 ஓகஸ்டில் வந்த பென்டியம் டுவல் கோர் ஈ5200இன் அறிமுக விலை 84 டொலர். 2009இல் டொலர் ஏறத்தாழ 115 ரூபாய். வரியும் கடை லாபமும் சேர்க்காமலே 9,600 ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபாய், எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால் 405. அதாவது ஒரு முழு மாதம் ஒரு நாள் தவறாமல் பேர் போட்டுச் சம்பாதித்த காசு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சில்லுக்கு. போர்டும் ரேமும் தனி. லயத்து வீட்டுப் பிள்ளை ஒன்று க.பொ.த. உயர்தரம் முடித்துக் கணினி கேட்கும்போது இந்தக் கணக்குத்தான் பெற்றோர் முன்னால் நின்றது.

காசைத் திருப்பித் தந்த இடமும் உண்டு: கலியாண வீடியோ. இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை நகரங்களில் டிஜிட்டல் கமராவுக்கு மாறிய ஸ்டூடியோக்கள் படம் பிடித்ததை வெட்டிச் சேர்த்து, பாட்டுப் போட்டு, டிவிடியாக்கிக் கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் காட்சிகளைச் சுருக்கி டிவிடி வடிவத்துக்கு மாற்றும் வேலை முழுக்க முழுக்கப் புரொசசரின் தோளில் விழும். அந்த வேலை இயல்பாகவே பிரிக்கத் தக்கது. ஒரு காட்சித் துண்டை ஒரு கோரும் அடுத்ததை இன்னொன்றும் செய்யலாம். வீடியோ மென்பொருள் எழுதியவர்கள் அதை முன்கூட்டியே செய்தும் வைத்திருந்தார்கள். மாலையில் போட்டுவிட்டு விடியும் வரை காத்திருந்த வேலை நடுச்சாமத்தில் முடிந்தால், வைகாசி, ஆவணி முகூர்த்தக் காலத்தில் அடுத்த கலியாணத்தையும் ஒப்புக்கொள்ளலாம். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், வேலை சீக்கிரம் முடிவதன் அருமை இன்னும் விளங்கும். இத்தகைய கடைக்காரர் டுவல் கோர் வாங்க யோசித்த ஒவ்வொரு வாரமும் அவருக்கு நட்டம்.

பாடசாலைகளுக்கு நேர் எதிரான கணக்கு. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2005 முதல், நெனசல என்றும் தமிழில் அறிவகம் என்றும் அழைக்கப்பட்ட நிலையங்கள் கிராமப்புறங்களில் திறக்கப்பட்டு வந்தன. நகரம், கிராமம், தோட்டம் என்று அரசு பிரித்து எடுக்கும் கணக்கெடுப்புகளில் கணினி அறிவு மிகக் குறைவாக இருப்பது எப்போதும் தோட்டத்தில்தான். அந்த நிலையில் ஒரு கணினியைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் நின்று எட்டிப் பார்ப்பதுதான் உண்மையான தடை. வேர்ட், எக்ஸல், கொஞ்சம் நிரலாக்கம் கற்கும் பிள்ளைக்கு ஒற்றைக் கோர் குறை வைக்காது. அதே காசுக்கு டுவல் கோர் பத்தா, சிங்கிள் கோர் பதினைந்தா என்று கேட்டால், பதினைந்து என்பதே சரியான விடை.

வாங்கும் இடத்தில் நடந்த ஒரு வித்தையையும் சொல்லியாக வேண்டும். பாவித்த மெஷின் விற்பவர் டாஸ்க் மனேஜரைத் திறந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஓடும் இரண்டு பச்சைக் கோடுகளைக் காட்டி “டுவல் கோர்” என்பார். 2002 நவம்பரில் வந்த 3.06 கிகாஹேர்ட்ஸ் மொடலில் தொடங்கிப் பல பென்டியம் 4 சில்லுகளில் ஹைப்பர் த்ரெடிங் என்றொரு வசதி இருந்தது. ஒரே கோர், தன்னை இரண்டு போல விண்டோஸுக்குக் காட்டிக்கொள்ளும். ஒரு வேலை நினைவகத்துக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு வேலையைச் செய்துவிடுவது அதன் உத்தி. நல்ல உத்திதான், பொருந்திய வேலைகளில் 30 சதவீதம் வரை ஆதாயம் உண்டு என்று இன்டெல் சொன்னது. அந்த ஆதாயத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, ஏனென்றால் கணக்குப் போடும் உறுப்புகள் ஒரே தொகுதிதான். சிபியு இஸட் என்ற இலவசச் சிறு மென்பொருளை ஓடவிட்டால் கோர் எத்தனை, த்ரெட் எத்தனை என்று தனித்தனியாகக் காட்டிக் குட்டை உடைத்துவிடும்.

பெயர்களும் குழப்பத்துக்கு உதவின. பென்டியம் டி, பென்டியம் டுவல் கோர், கோர் டுவோ, கோர் 2 டுவோ, செலரோன் டுவல் கோர். எல்லாமே இரண்டு கோர்தான். ஆனால் முதலாவது பென்டியம் 4இன் சூடான இரட்டைப் பிள்ளை. அதன் இரண்டு கோர்களும் தமக்குள் பேச வேண்டுமானாலும் வெளியே மதர்போர்டின் பொதுப் பாதைக்குப் போய்த்தான் பேச வேண்டும். கோர் 2 டுவோவில் இரண்டுக்கும் பொதுவான கேஷ் உள்ளேயே இருந்தது. பெயரில் ‘டி’ என்ற ஒரே எழுத்துத்தான் வித்தியாசம் என்று நினைத்து மலிவாகக் கிடைத்த பென்டியம் டியை வாங்கியவர்கள் மின்கட்டணத்தில் மிச்சக் காசைக் கட்டினார்கள்.

இரண்டாவது கோர் வேண்டுமா என்ற தீர்மானத்தைப் பிறகு காலம் மெல்ல மெல்லத் தானே எடுத்துக்கொண்டது. 2008இல் வந்த கூகிள் குரோம், திறக்கும் பக்கங்களைத் தனித்தனி வேலைகளாக ஓடவிட்டது. 2016இல் ஃபயர்ஃபொக்ஸும் அந்த வழிக்கு வந்தது. இணையத்தில் உலாவுவதே இரண்டு கோருக்கான வேலையாகிவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போனபோது, மூலையில் போர்த்தி வைத்திருந்த பென்டியம் 4 மெஷின்கள் பலவும் தூசு தட்டப்பட்டன. சூம் ஒற்றைக் கோரையும் ஏற்கும் என்று அதன் கையேடு சொன்னது. ஆனால் இரண்டு கோர் வரையுள்ள மடிக்கணினிகளில் திரையைப் பகிரும்போது நொடிக்கு ஐந்து படம் அளவுக்குக் குறையும் என்றும் அதே கையேட்டில் இருந்தது. 2021இல் குரோம், எஸ்எஸ்ஈ3 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத சில்லுகளைக் கைவிட்டது. பிரெஸ்கொட்டுக்கு முந்திய பென்டியம் 4 எல்லாம் அதோடு வெளியே. அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 11இன் தேவைப் பட்டியலில் குறைந்தது இரண்டு கோர் என்று எழுதியே இருக்கிறது.

அப்படியென்றால் கோர் 2 டுவோ தப்பியது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் கோர் எண்ணிக்கை மிகச் சின்ன வரி. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் சில்லுகள் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், மிகச் சிலவற்றைத் தவிர. 2024இல் வந்த அதன் பதிப்புக்கு வேண்டிய சில கட்டளைகள் கோர் 2 டுவோவில் இல்லவே இல்லை. குறுக்கு வழியில் ஏற்றினாலும் ஓடாது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றன.

இன்றைக்கும் தோட்டப்புறத்து வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் சிறு பாடசாலைகளிலும் இந்தப் பழைய மெஷின்கள் இருக்கின்றன. நன்கொடையாகவும் வந்துகொண்டிருக்கின்றன. ஒற்றைக் கோர் பென்டியம் 4 கையில் இருந்தால் அதில் இனி ஒரு ரூபாயும் போட வேண்டாம். அதற்கு டுவல் கோர் தேடி யூனிட்டி பிளாசாவுக்குப் பஸ் ஏறவும் வேண்டாம். கோர் 2 டுவோ கையில் இருந்தால் தூசு தட்டி, ரேமை 4 கிகாபைட்டாக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிறியதொரு எஸ்எஸ்டி போட்டு, இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால், கடிதம் அடிக்கவும் இணையத்தில் படிக்கவும் ஒரு பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பாவித்த மெஷின் வாங்கப் போகிறவர் மட்டும் “டுவல் கோர்” என்ற சொல்லோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. மொடல் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். ரேம் எவ்வளவு, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.